சொந்தமாக ஒரு விமானம்

சென்ற தை மாதத்தில் ஓட்டப்பிடாரத்துக்குப் போயிருந்தேன். அக்காள் வீட்டில் ஒரு காதுகுத்து. விசேஷம் முடிந்து, வந்த ஜனங்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு, திண்ணையில் காற்றாட உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது என் தலையில் ஒரு பஞ்சாயத்து வந்து விழுந்தது. வரப்புத் தகராறு அல்ல. பாகப் பிரிவினையும் அல்ல. ஆகாய விமானத்தைப் பற்றிய பஞ்சாயத்து!

அக்காள் மகனுக்கு வயது இருபத்தாறு. டிப்ளமா படித்தவன். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன அல்லவா? அவற்றில்தான் அவனுக்கு வேலை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்குவான். வெயிலும் மண்காற்றும் அரித்து இறக்கையில் விழும் வெடிப்புகளைக் கண்ணாடி நார்த் துணியும் பிசினும் வைத்து அடைத்துத் தேய்த்து வழவழப்பாக்குவான். அவ்வளவு உயரத்தில் தொங்குகிறவனுக்குப் பூமியில் கால் பாவுமா? போதாக்குறைக்கு, கோவில்பட்டியை அடுத்துச் சும்மா கிடக்கும் பழைய ஓடுதளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைக் கொண்டுவரச் சர்க்கார் முயன்று வருவதாகச் சில காலமாகப் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. பையன் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தான்.

"மாமா, என் பங்குக்கு வர்ற மூணு குறுக்கத்தையும் கொடுத்துட்டு ஒரு விமானம் வாங்கலாம்னு இருக்கேன்" என்றான், உழவு மாடு வாங்கப் போகிறவனைப் போல.

அத்தான் வாயைத் திறக்கவில்லை. அவர் கோபம் வந்தால் பேசமாட்டார். அக்காள்தான் உள்ளே இருந்து வந்தாள்.

"நீயே கேளு தம்பி, இந்தக் கூத்தை. கரிசலை வித்து ஆகாசத்துல விடப் போறானாம். கப்பல் விட்டவர் பிறந்த ஊராச்சே, புத்தி வேற எங்கே போகும்!"

விஷயத்தை விசாரித்தேன். பையனும் அவனோடு வேலை பார்க்கும் மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். கடல் கடந்த தேசம் ஒன்றில் யாரோ ஒரு பெரியவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே தம் கையால் ஒரு சின்ன விமானம் செய்து, பத்து வருஷம் அதில் பறந்து, இப்போது கண் மங்கிவிட்டதால் விலை சொல்லியிருக்கிறாராம். தொழிற்சாலையில் செய்த விமானத்தின் விலையில் பாதிகூட இல்லையாம்.

"நீதான் இறக்கை வேலை தெரிஞ்சவனாச்சே. நீயே ஒண்ணு செஞ்சா என்ன?" என்று கேட்டேன், வேடிக்கையாகத்தான்.

"செய்ய நாலஞ்சு வருஷம் ஆகும் மாமா. வாங்கிட்டா உடனே பறக்கலாமே!"

ஒரு நாள் தவணை கேட்டேன். மறுநாள் காலையில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் நினைவு இல்லத்துக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் போகிற இடந்தான். ஆனால், அன்றைக்கு என் மனத்தில் பையனின் கணக்கு ஓடிக்கொண்டிருந்ததால், பழைய கதை வேறு மாதிரியாகத் தோன்றியது.

1872-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி இந்த ஊரில் பிறந்தவர், வக்கீல் தொழிலைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருந்திருக்கலாம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல் வைத்ததுதான் சட்டம் என்றிருந்த நிலையைப் பொறாமல் 1906 அக்டோபர் 16-ந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்ச ரூபாய் மூலதனம்; இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். ஆனால், கம்பெனி இருந்ததே தவிரக் கப்பல் இல்லை! பம்பாயில் ஷா லைன் என்ற கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எதிராளிகள் என்ன செய்தார்கள்? சுதேசிக் கம்பெனியோடு சண்டைக்கு வரவில்லை. வாடகைக்குக் கொடுத்தவனை நெருக்கினார்கள். அவன் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வேலை தீர்ந்தது. பிள்ளை கொழும்புக்கு ஓடி வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்து அவமானத்தைத் தவிர்த்தார். ஆனாலும், வாடகைக் கப்பல் என்றால் என்ன என்பது அவருக்கு அன்றே விளங்கிவிட்டது. பம்பாய்க்குப் போனார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் சொந்தக் கப்பல்களாகத் தூத்துக்குடித் துறைக்கு வந்தன.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. அப்புறம் அவர்கள் காசே வேண்டாம், கப்பல் ஏறினால் குடையும் இனாமாகத் தருகிறோம் என்றார்கள். இது எங்கள் ஊர்த் திண்ணைகளில் இன்னமும் சொல்லப்படும் கதை. ஜனங்கள் குடைக்காக மானத்தை விற்கவில்லை என்று சொல்லும்போது கிழவர்களின் குரல் சற்றே உயரும். எல்லாரும் அப்படி இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. குடை நல்ல சாமான். எங்கள் சீமையில் வெயிலும் அதிகம்.

1908 மார்ச் 12-ல் பிள்ளை கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை. மேல் முறையீட்டில் அது குறைந்தது. 1911-ல் கம்பெனி கலைந்தது. கப்பல்கள் விலை போயின. வாடகைக் கப்பல் ஒரு மிரட்டலில் போயிற்று; சொந்தக் கப்பல் போக மூன்று வருஷம் ஆயிற்று. அந்த அளவுக்குச் சொந்தம் மேல்தான். ஆனால், நாம் சாதாரணமாகக் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கம்பெனியின் நோக்கங்களிலேயே நம்மவர்களுக்குக் கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் கற்றுக் கொடுப்பது என்பதும் எழுதப்பட்டிருந்தது. வாடகைக்கு எடுப்பது, வாங்குவது என்ற இரண்டு படிகளையும் ஏறியவர், செய்வது என்ற மூன்றாவது படிக்குக் காலைத் தூக்கும்போது சிறைக்குள் தள்ளப்பட்டார்.

கப்பலிலிருந்து ஆகாயத்துக்கு வருகிறேன். விமானத்தின் விசேஷம் என்னவென்றால், மற்ற வாகனங்களைப் போலன்றி அது பிறந்ததே வீட்டுப் பட்டறையில்தான். அமெரிக்காவில் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானிக்கு அந்த நாட்டு யுத்த இலாகா ஐம்பதாயிரம் டாலர் கொடுத்தது. அவர் செய்த யந்திரம் 1903 அக்டோபரில் ஒரு தடவையும், டிசம்பர் 8-ந் தேதி இன்னொரு தடவையும் பொடோமாக் நதியில் தலைகுப்புற விழுந்தது. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17-ந் தேதி, சைக்கிள் கடைக்காரர்களான ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். முதல் தடவை 12 விநாடி, 120 அடி. அவர்களுக்கு ஆன மொத்தச் செலவு ஆயிரம் டாலருக்கும் குறைவு. மோட்டார்க் கம்பெனிகளுக்கு எழுதி எஞ்சின் கேட்டுப் பார்த்தார்கள். தோதான எஞ்சின் கிடைக்கவில்லை. கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் ஆறே வாரத்தில் ஓர் எஞ்சினைக் கடைந்து கொடுத்தார். ஆக, உலகத்தின் முதல் விமானமே 'வீட்டில் செய்தது'தான். தொழிற்சாலை விமானங்கள் எல்லாம் அதன் பிள்ளைகள்.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? இதைச் சொன்னால் சென்னைவாசிகளில் பலரே நம்பமாட்டார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் வைத்திருந்த ஜியாகோமோ டி ஆஞ்ஜெலிஸ் என்பவர் கார்ஸிகாத் தீவைச் சேர்ந்தவர். விருந்துக்கும் பலகாரத்துக்கும் பேர்போன ஹோட்டல்காரர். 1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து தாண்டினார் என்ற செய்தி வந்தபோது உலகம் முழுவதும் பலருக்குப் பைத்தியம் பிடித்தது. அந்தப் பைத்தியம் இந்த ஹோட்டல்காரரையும் பிடித்தது. மற்றவர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். இவர் காகிதத்தை எடுத்து இரட்டை இறக்கை விமானம் ஒன்றை வரைந்தார்.

வரைந்ததைச் செய்து கொடுக்க ஆள் வேண்டுமே? ஸிம்ஸன் கம்பெனியிடம் போனார். அவர்கள் 1840-லிருந்து சென்னையில் கோச்சு வண்டி செய்து வந்தவர்கள். 1903-ல் அதே பட்டறையில் ஸாமுவேல் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். கனம் குறைவாகவும் உறுதியாகவும் மரச்சட்டம் போடுவது, துணியும் தோலும் இழுத்துக் கட்டுவது, இரும்பை வேண்டியபடி வளைப்பது ஆகிய கோச்சு வண்டிக்காரனின் கைவேலைகள்தான் அந்தக் கால விமானத்துக்கும் வேண்டியவை. பட்டறையில் உளி பிடித்த தச்சர்களும் கொல்லர்களும் பெரும்பாலும் நம்மவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. சிறிய குதிரைசக்தி எஞ்சின் ஒன்றைப் பொருத்திப் பல்லாவரத்துக்குக் கொண்டு போனார்கள். 1910 மார்ச் மாதத்தில் அது தரையை விட்டு எழும்பிற்று. பிறகு டிக்கெட் வைத்துப் பொது ஜனங்களுக்கும் பறந்து காட்டினார். ஹோட்டல்காரர் அல்லவா, வந்த கூட்டத்தைச் சும்மா விடுவாரா?

இந்தியாவில் அதற்கு முந்திய விமானப் பறப்பு ஒன்றை ருசுவோடு காட்டுவது கடினம் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். அலகாபாத்தில் ஆங்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் ஆயிரக்கணக்கான கடிதங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்த பிரசித்தமான விமானத் தபால் 1911 பிப்ரவரி 18-ல்தான் நடந்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே பல்லாவரத்துப் பொட்டலில் சென்னைத் தச்சர்கள் செய்த விமானம் பறந்துவிட்டது. அதே 1910 மார்ச்சில் எங்கள் ஊர்க்காரர் கோயமுத்தூர்ச் சிறையில் கைதியாக இருந்தார். இந்த இரண்டு செய்திகளையும் நான் வெவ்வேறு புத்தகங்களில் வெவ்வேறு வருஷங்களில் படித்தேன். வருஷக் கணக்கு ஒன்றாக இருப்பதை அன்றைக்கு நினைவு இல்லத்தில் நின்றபோதுதான் கவனித்தேன்.

இங்கே ஒரு வார்த்தை. 1895-ல் பம்பாய்க் கடற்கரையில் தல்படே என்பவர் வேத காலத்து முறைப்படி விமானம் விட்டதாகச் சொல்லி மகிழ்கிறவர்கள் உண்டு. அதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. அந்த வகையைச் சேர்ந்த 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலை 1974-ல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்து நிபுணர்கள் ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதப்பட்டது என்றும், அதில் வரைந்துள்ள யந்திரங்கள் பறக்கத் தகுதியற்றவை என்றும் சொல்லிவிட்டார்கள். பறக்காத விமானத்துக்கு மேடை தோறும் மாலை. பறந்த விமானத்துக்குப் பல்லாவரத்தில் ஒரு கல்லாவது நட்டிருக்கலாம்.

சரி, சென்னையில் செய்த விமானம் ஏன் ஒற்றைப் பிள்ளையாக நின்றுவிட்டது? ஸிம்ஸன் கம்பெனி மோட்டார் வண்டிகளுக்கு உடல் கட்டப் போயிற்று. விமானத் தொழிலில் இறங்கவில்லை. ஹோட்டல்காரர் ஹோட்டலுக்குத் திரும்பினார். அவருடைய படம் அவரோடு போயிற்று. இதே சமயத்தில் பாரிஸில் ஸாண்டோஸ் டூமோன் என்ற பிரேஸில் தேசத்துக் காப்பித் தோட்டக்காரரின் மகன் 'தும்பி' என்று செல்லப் பெயர் கொள்ளத்தக்க ஒரு குட்டி விமானத்தை மூங்கிலும் பட்டும் கொண்டு செய்தார். செய்ததோடு நிற்காமல், "எனக்கு உரிமைப் பணம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்" என்ற கருத்தோடு படத்தை உலகத்துக்கே விட்டுவிட்டார். 1910-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அதை அளவுகளோடு வெளியிட்டது. எங்கெங்கோ இருந்த பையன்கள் மூங்கிலை வெட்டத் தொடங்கினார்கள்.

படம் ஊரெல்லாம் பரவினால் அதில் உள்ள பிழையும் ஊரெல்லாம் பரவும். பிரான்ஸ் தேசத்து ஆங்ரி மின்யே 1930-களின் நடுவில் 'ஆகாயத் தெள்ளுப்பூச்சி' என்று ஒரு விமானத்தைச் செய்து, அதை எப்படிச் செய்வது என்று புத்தகமும் எழுதினார். பெட்டி அடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் செய்தார்கள். பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு விழுந்து ஆட்கள் செத்தார்கள். முன் இறக்கையும் பின் இறக்கையும் நெருக்கமாக இருந்ததால், சரிந்து இறங்கும்போது மூக்கைத் திரும்பத் தூக்க முடியாமல் போகிறது என்பதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே கண்டுபிடித்தார்கள். 1936-ல் தடை வந்தது. தெரியாமல் செய்வதற்கும் தெரிந்து செய்வதற்கும் உள்ள வித்தியாசம் மரத்திலோ ஆணியிலோ இல்லை.

யுத்தத்துக்குப் பிறகு இந்தக் கலையை ஒழுங்குக்குக் கொண்டு வந்தவர் பால் போபரெஸ்னி என்ற அமெரிக்கர். 1953-ல் மில்வாக்கி நகரத்தில் சில நண்பர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தார். 1955-ல் பத்திரிகை ஒன்றில் 'பேபி ஏஸ்' என்ற சிறு விமானத்தைச் செய்யும் முறையை எழுதவே, சங்கம் கிளைத்துவிட்டது. அவர்களுடைய வருஷாந்தரத் திருவிழா 1970 முதல் ஆஷ்காஷ் என்ற ஊரில் நடக்கிறது. நம் திருச்செந்தூர் ஆவணித் திருவிழாவுக்கு வண்டி கட்டி வருவதைப் போல அங்கே விமானம் கட்டி வருகிறார்கள். இரவில் அதன் இறக்கைக்குக் கீழேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

அமெரிக்கச் சட்டம் இந்த ஜாதி விமானங்களுக்குச் 'சோதனை விமானம்' என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்; ஏறுகிறவன் படித்துவிட்டு ஏறவேண்டும். முதல் இருபத்தைந்து அல்லது நாற்பது மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள்ளேயே பறந்து சோதிக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட வேலையைப் பிழைப்புக்காக அன்றிக் கல்விக்காகவோ ஆசைக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? தொழிற்சாலை விமானத்தில் ஓர் ஆணியை மாற்றுவதென்றாலும் அத்தாட்சி பெற்ற ஆணி வேண்டும், அத்தாட்சி பெற்ற ஆள் வேண்டும். 1956-ல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 என்ற விமானத்தின் உருவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. மாற்றினால் மறுபடியும் அத்தாட்சிக்குப் பெரும் பணம் செலவழிக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். தானே செய்தவனுக்கு அந்தத் தளை கிடையாது. புதிய கருவியை மாட்டிக்கொள்ளலாம். கார்ப் பெட்ரோலில் ஓடும் ஆஸ்திரியா தேசத்து ரோடக்ஸ் எஞ்சினை வைத்துக்கொள்ளலாம். வருஷாந்தரப் பரிசோதனையைத் தானே செய்து கையெழுத்துப் போடலாம். பணத்தையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. இந்த வருஷம் வால், அடுத்த வருஷம் இறக்கை, கையில் காசு சேர்ந்தால் எஞ்சின் என்று, நம் ஊரில் சிறுகச் சிறுக வீடு கட்டுகிற மாதிரி.

இவற்றையெல்லாம் லாபக் கணக்கில் எழுதலாம். ஆனால், செய்தவர்களைக் கேட்டால் வேறொன்றைச் சொல்கிறார்கள். எங்கள் கரிசல் காட்டில் மாட்டு வண்டி செய்த ஆசாரி, தெருவில் போகும் வண்டியின் முனகலைக் கேட்டே, "இது நம்ம வண்டி, இடது குடத்துல பூண் தளர்ந்திருக்கு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லுவார். வண்டியின் சொந்தக்காரனுக்குச் சத்தம் மட்டும் கேட்கும். அலுமினியத் தகட்டு விமானம் ஒன்றில் பதினாயிரத்துக்கு மேல் ரிவெட் ஆணிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தன் கையால் அடித்தவனுக்கு விமானத்தின் உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்பதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு, மறைக்கக் கூடாது. வீட்டில் செய்த விமானங்களுக்கு நேரும் விபத்து விகிதம் தொழிற்சாலை விமானங்களைவிட அதிகம். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு போர்டார் 2012-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 2011-ல் நடந்த 224 விபத்துக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். செய்தவனே முதல் தடவையாகப் பறந்தபோது நேர்ந்தவை 10. இன்னொருவன் செய்ததை விலைக்கு வாங்கி முதல் தடவை பறந்தபோது நேர்ந்தவை 14. விபத்துக்குள்ளான விமானங்களில் பாதிக்கு மேல் கைமாறியவை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஜான் டென்வரின் கதையைப் பாருங்கள். உலகப் புகழ் பெற்ற பாடகர், நல்ல விமானி, ஆயிரக்கணக்கான மணி பறந்தவர். 'லாங் ஈஸி' என்ற வகையைச் சேர்ந்த, வேறொருவர் வீட்டில் செய்த விமானத்தை வாங்கினார். 1997 அக்டோபர் 12-ந் தேதி கலிபோர்னியாக் கரையோரம் பறக்கும்போது கடலில் விழுந்து மாண்டார். அந்த விமானத்தைச் செய்தவர், ஒரு பெட்ரோல் தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திருகை மூலப் படத்தில் இருந்த இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். பெட்ரோல் கோடு போகும் வழி சம்பந்தமாக அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அவர் வரைக்கும் அது சரி. எதை எங்கே வைத்தோம் என்பது அவருடைய கைக்குத் தெரியும். வாங்கியவரோ பறந்துகொண்டே உடம்பைத் திருப்பி அதை எட்டிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அந்த விமானத்தை மூலத்தில் வரைந்தவர் பர்ட் ரூட்டன். நுரைக் கட்டையை வெட்டி மேலே கண்ணாடி நார்த் துணியைப் பிசினால் ஒட்டிச் செய்யும் முறையை 1975-ல் தொடங்கி வீட்டுப் பட்டறைகளுக்குள் கொண்டு வந்தவர் அவர். அதாவது, என் அக்காள் மகன் கயிற்றில் தொங்கிக்கொண்டு செய்கிறானே, ஏறக்குறைய அதே வேலை. அவருடைய தமையனார் டிக் ரூட்டனும் ஜீனா ஈகரும் 1986 டிசம்பரில் 'வாயேஜர்' என்ற விமானத்தில் எங்கும் இறங்காமல், வழியில் பெட்ரோலும் போடாமல், ஒன்பது நாளில் பூமியைச் சுற்றி வந்தார்கள். அதுவும் பாலைவனத்துக் கொட்டகை ஒன்றில் ஒரு சிறு கூட்டம் கையால் செய்ததே.

நம்மவர்களில் இரண்டு பேரைச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். கேரளத்தைச் சேர்ந்த அசோக் தாமராட்சன் என்ற எஞ்சினீயர் இங்கிலாந்தில் வசிக்கிறவர். வாடகைக்குச் சிறு விமானம் எடுத்துப் பறந்துகொண்டிருந்தார். வாடகைக்குக் கிடைத்தவற்றில் இரண்டு பேர் உட்காரலாம். வீட்டிலோ மனைவியும் இரண்டு பெண்களும். கொள்ளைநோய்க் காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைபட்டிருந்தபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து 'ஸ்லிங்' என்ற நான்கு பேர் விமானத்தைப் பகுதி பகுதியாகத் தருவித்துப் பதினெட்டு மாதத்தில் பூட்டி முடித்தார். செலவு ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் பவுன். இளைய பெண்ணின் பெயரை அதற்கு வைத்து, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்தார்.

மற்றவர் பம்பாய் விமானி அமோல் யாதவ். இவருக்குக் கொட்டகைகூட இல்லை. ஐந்து மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைச் செய்தார். 2016-ல் பம்பாயில் நடந்த பொருட்காட்சியில் அதைக் கொண்டு வந்து வைத்தபோது ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். பதிவுச் சீட்டு 2017 நவம்பரில் கிடைத்தது. பறப்பதற்கான அனுமதி 2019-ல். தூலேயில் அது ஆகாயத்தில் எழும்பியது 2020 ஆகஸ்டில். செய்து முடித்துக் காட்டிய பிறகு நாலரை வருஷம்! இறக்கையைவிடக் காகிதம் கனமானது நம் தேசத்தில். தூத்துக்குடியில் கப்பல் விட்டவரும் கடலுக்குப் பயப்படவில்லை.

அன்று மாலை பையனைக் கூப்பிட்டு இவ்வளவையும் சொன்னேன். கப்பல் கதையை அவன் பொறுமையாகக் கேட்டான். அது அவனுக்குப் பள்ளிக்கூடத்துப் பாடம். பாடகரின் கதை வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்தத் திருகை மாத்தி வச்சதை யாரும் அவருக்குக் காட்டலையா மாமா?"

"காட்டினார்கள். அவருக்கும் தெரியும். கை எட்ட வேண்டுமே!"

சிறிது நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிசின் படிந்து நகக்கண் வெளுத்த கைகள்.

நான் தீர்ப்பைச் சொன்னேன். இன்னொருவர் செய்ததை வாங்குவதற்காக நிலத்தைத் தொடக் கூடாது. வாங்கினால் உனக்கு வருவது அந்தப் பெரியவரின் விமானந்தான். அவருடைய பத்து வருஷத்துப் பழக்கம் கப்பலேறி வராது. பள்ளி வந்தால் முதலில் ஓட்டக் கற்றுக்கொள். அதற்குள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் படம் வாங்கு. நாலு பேரும் சேர்ந்து ஓர் இறக்கை மட்டும் செய்து பாருங்கள். ஓர் இறக்கையைச் செய்து முடிக்கிற பொறுமை நாலு பேரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இறக்கை உருப்படாமல் போனால் நஷ்டம் சில மாதச் சம்பளம். நிலம் நிலமாக இருக்கும்.

அத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இறக்கைன்னா எவ்வளவு நீளம்?" என்றார்.

"ஒரு பக்கத்துக்குப் பதிமூணு பதினாலு அடி இருக்கும்பா."

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். பருத்தி அடுக்கும் கிட்டங்கி அங்கேதான் இருக்கிறது. திரும்பி வரச் சிறிது நேரமாயிற்று. அக்காள் பதறிப்போய், "பருத்தி வந்தா நான் எங்கே போட?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் பதில் சொல்லவில்லை.

"வாசல் அகலம் நாலே முக்கால் அடி. நீளவாக்குல இறக்கையை வெளியே எடுத்துடலாம்" என்று அத்தான் சொன்னார். "விமானத்தை முழுசா அங்கே வச்சுப் பூட்டினா வெளியே வராது. சுவரை இடிக்க விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"மொட்டை மாடியில செஞ்சவர் கழட்டித்தானே இறக்கினார்ப்பா?" என்றான் பையன்.